பட்டாளத்தான் கல்லும் அண்ணாச்சி துண்டும்

1963 ஜூலை 20, சனி. ஆடி அமாவாசை.

விடியும்போதே சாரல். குற்றாலம் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைத்தாயிற்று. அப்புறம் பெரிய அருவியில் குளியல். அங்கேதான் மானம் போச்சு. தலையைக் கொடுத்து ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அருவி வேட்டியை உருவிக்கொண்டது. மிச்சம் கோவணம். அதுவும் பழசு. நான் பாறையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், பின்னால் ஒரு ஆள், "வெளிய வாரும்வே, நாங்களும் குளிக்கணும்லா" என்கிறார். எப்படி வர?

அப்போது ஒரு துண்டு நீண்டது. நீட்டியது வேலாயுதம் அண்ணாச்சி.

"ஏலே அருணாசலம், அருவிக்கு வேட்டி காணிக்கை போட்டுட்டியா? இந்தா, கட்டிக்கோ."

குற்றாலத்தில் இன்றைக்கு ஆயிரம் துண்டு இருந்திருக்கும். இவர் துண்டுதான் எனக்குக் கிடைக்கணுமா. ஊர் வரைக்கும் பஸ்ஸில் அதைக் கட்டிக்கொண்டு வந்தேன். சிவப்புக் கரை. நல்ல தடிமன். என் வேட்டியைவிட அகலம்.

அவரும் அவர் அப்பாவுக்குத் தண்ணி இறைக்கத்தான் வந்திருந்தார். என் அப்பா வயிற்று நோவில் பாயில் செத்தவர். அவர் அப்பா பட்டாளத்துக்குப் போய்க் கப்பலில் செத்துச் சாமியானவர். ஐயர் அவருக்கு மட்டும் மந்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு அப்படித்தான் கேட்கும்.

ஜூலை 22, திங்கள்.

தூறல். தென்காசியில் ஜவுளிக்கடைப் போர்டு பாதியில் நிற்கிறது. பெயிண்ட் காயவே மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் பஞ்சாயத்தில் கூப்பிட்டார்கள். பட்டாளத்தான் கல் விஷயம். புது ஹெட்மாஸ்டர் சிவகிரிக்காரர், வந்து ரெண்டு மாசம். "அது என்ன கல்லு?" என்று தெரியாமல் கேட்டுவிட்டார். ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். பாவம், தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிற்று.

முதல் யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து போனவர்களுக்காக வெள்ளைக்காரன் சாவடிச் சுவரில் பதித்த சலவைக்கல். இங்கிலீஷில் வெட்டியது. பேர் எதுவும் கிடையாது. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள், அவ்வளவுதான். வைத்தபோது வாசிக்கத் தெரிந்த ஆள் ஊரில் இல்லை. தூர தேசத்தில் செத்தவன் சும்மா இருக்க மாட்டான் என்று எண்ணெய் தடவினார்கள், சந்தனம் வைத்தார்கள், மாலை போட்டார்கள். நாற்பது வருஷத்தில் கல் சாமியாகிவிட்டது. ஆடிக் கடைசி வெள்ளி சாமிக்குக் கொடைவிழா. படையல்: கிடா, சுருட்டு, பிஸ்கட், டீ. திரும்பி வராத மூன்று பேர் வீட்டுக்கும் மரியாதை உண்டு, பரிவட்டமும் தேங்காய் மூடியும். முதல் பரிவட்டம் அண்ணாச்சி வீட்டுக்கு.

இப்போது கல் தோசைக்கல் மாதிரி கறுப்பு. சுவரில் அரசங்கன்று முளைத்து வேர் விட்டுக் கல்லிலும் ஒரு விரிசல். ஆகஸ்ட் 15 கொடியேற்றம் அங்கே வைக்கலாம், எழுத்தை ஹெட்மாஸ்டர் தமிழில் வாசித்துச் சொல்லட்டும், மறுநாள் கொடை என்று முடிவு. யார் சுத்தம் செய்வது?

அண்ணாச்சி எழுந்தார். "நம்ம அருணாசலம் இருக்கான்லா. எழுத்துன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல அவன்தான்."

புகழ்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஜூலை 24, புதன்.

மழை. வேலை இல்லை. சும்மா இருந்தால் மனசு எங்கே போகும், அண்ணாச்சி வீட்டுக்குத்தான்.

அவரிடம் இருப்பது, என்னிடம் இல்லாதது:
ரேடியோ.
தென்னந்தோப்பு.
உயரம்.
மீசை (எனக்கு முளைத்தால் எலிவால்).
கொடையில் கிடாத்தலை.
செத்த அப்பா. எனக்கும் செத்த அப்பாதான், ஆனால் அவர் அப்பா செத்த மாதிரி இல்லை.

சின்னப் பையனாக இருக்கையில் ஒரு கொடையன்று, பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்ற அவரைப் பார்த்து, நம்ம அப்பாவும் செத்திருக்கலாமே என்று நினைத்தேன். அப்பா அப்போது என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு நல்லாத் தெரியணும் என்று.

மகள் பேச்சி ஸ்கூலில் "எங்கள் ஊர் வீரர்" என்று கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கி வந்தாள். வாசித்தேன். வீரர் யார்? அண்ணாச்சியின் அப்பா கந்தையா. உன் தாத்தாவும்தானே யுத்தத்துக்குப் போனார் என்று கேட்டேன்.

"தாத்தா கழுதைல்லா மேய்ச்சாரு. அத எப்படிப்பா கட்டுரையில எழுத?"

கழுதை இல்லை, கோவேறு. சொன்னேன். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவள் முகம் சொல்லிற்று.

ஜூலை 27, சனி.

சாரல் விட்டு விட்டு. கல்லைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டி மறைத்துக்கொண்டேன். வேலை ஆரம்பம்.

சலவைச் சோடா போட்டேன். எண்ணெய் சிரித்தது. மண்ணெண்ணெய் போட்டேன், பளபளத்தது, அவ்வளவுதான். மத்தியானம் செண்பகம் சோறு கொண்டுவந்தாள்.

"ஏன் இந்தப் பாடு? நாப்பது வருஷமா எண்ணெ தேய்ச்சவருக்கு என்ன செய்யணும்? சீயக்கா போட்டுக் குளிப்பாட்டணும். இன்னைக்குச் சனிக்கெழமை வேற."

பெண்டாட்டி கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் சுடுதண்ணியில் சீயக்காய் குழைத்துப் போட்டு ஊறவிட்டுத் தேய்த்தால், கறுப்புக் கறுப்பாக உரிந்து வருகிறது. ஓரத்தில் வெள்ளை. பச்சைப்பிள்ளை வயிறு மாதிரி வெள்ளை. சந்தோஷம் தாங்காமல் புத்தி போச்சு. பித்தளைக் குத்துவிளக்கு புளியில் பளபளக்குதே என்று கீழ்மூலையில் புளியைக் கரைத்து அப்பினேன். நுரைத்தது. துடைத்துப் பார்த்தால் கல்லைத் தின்றுவிட்டது. அந்த இடம் சொரசொரவென்று அம்மைத் தழும்பு.

செண்பகம் ஊர் பூரா சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு சாமிய ரசம் வச்சிட்டாரு." டீக்கடையில், "என்ன அருணாசலம், உப்பு ஒறைப்பு சரியா இருந்ததா?"

இன்னொரு விஷயம். அழுக்கு துடைக்கக் கையில் கிடைத்த துணியை எடுத்தேன். பாதி துடைத்தபின் பார்த்தால் சிவப்புக் கரை. அண்ணாச்சி துண்டு. வேணும் என்று செய்யவில்லை. வேணும் என்று செய்யவில்லை என எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஜூலை 30, செவ்வாய்.

வெயில் கொஞ்சம். கடைசி வரி இன்றைக்கு வெளியே வந்தது. போர்டு எழுதுகிறவனுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் அரைகுறை. ஆனால் எண்ணுக்கு அர்த்தம் வேண்டாம்.

போனவர் 19. உயிரை விட்டவர் 2.

கண்ணைத் துடைத்தேன். கல்லையும் துடைத்தேன். ரெண்டுதான்.

ஊர்க்கணக்கு மூன்று. சர்க்கார் கணக்கு ரெண்டு. அந்த மூன்றாவது ஆள் யார் என்று தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான்.

சுதந்திரம் வந்த வருஷம், அப்பா சாவதற்கு நாலு நாள் முன்னால் என்னிடம் சொன்னது. அப்பாவும் கந்தையாவும் பஸ்ராவில் ஒரே இடத்தில் கோவேறு ஓட்டினவர்கள். (கட்டுரையில் பேச்சி அவருக்குத் துப்பாக்கி கொடுத்திருக்கிறாள்.) ஒரே கப்பலில் திரும்பினார்கள். கந்தையா கப்பலில் சாகவில்லை. அப்பாவோடு சேர்ந்துதான் பம்பாயில் இறங்கினார். ரயிலுக்குப் போகிற வழியில் நின்றுவிட்டார். "நான் வரல மாடசாமி. செத்துட்டேன்னு சொல்லிரு. இல்லன்னா அவ வாசலப் பாத்தே கெடப்பா." தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். ஏன், எங்கே, அப்பாவுக்கும் தெரியாது. அப்பா ஊருக்கு வந்து, கப்பலில் காய்ச்சல், கடலில் இறக்கிவிட்டோம் என்று சொன்னார்.

அதற்கு ஊர் கொடுத்த பட்டம்: "ஆம்பள செத்தான், கோவேறு திரும்பி வந்துட்டு." கடைசி மூச்சு வரைக்கும் அப்பா கோவேறு மாடசாமிதான்.

அப்பா இன்னொன்றும் சொன்னார். அது கந்தையாவுக்கு நல்ல பேர் வாங்கித் தருகிற விஷயம். அதை நான் ஏன் எழுதணும். எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்.

தூறல். பசி நன்றாக எடுக்கிறது. பதினாறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது என் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். இல்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? கோவேறு மகன் பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள். இப்போது நான் வாய் திறக்க வேண்டாம். வெட்டின பள்ளத்தில் கறுப்பு எனாமல் போட்டால் போதும். 15ஆம் தேதி ஹெட்மாஸ்டர் வாசிப்பார். "ரெண்டு." ஊர் கேட்கும், "ரெண்டா? மூணாவது யாரு?" அப்போது எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

கோவேறு மகன் தொண்டையைச் செருமுவான்.

செருமிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால். ரெண்டு மூன்று மாதிரி.

எழுத்துக்கு மை போட்டாயிற்று, கடைசி வரி தவிர. சாரலில் காயாது. இஸ்திரிப் பெட்டியில் கங்கு போட்டுப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே இருக்கணும். செண்பகம் சோற்று வாளியோடு தட்டிக்குள் வந்தாள். இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும்.

"பத்தொம்பது. அங்கன என்ன, ரெண்டா? மூணுல்லா?"

"சர்க்கார் போட்டது. எனக்கென்ன தெரியும்."

என் முகத்தையே பார்த்தாள். "சாப்பிடுங்க" என்றாள். மற்ற நாளில் பத்துக் கேள்வி கேட்கிறவள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு.

சாரல். தட்டிக்கு வெளியே செருமல் சத்தம். அண்ணாச்சியின் அம்மா, இசக்கி பெரியம்மை. வெள்ளைச் சேலை. கையில் கிண்ணத்தில் நல்லெண்ணெய். ஞாயிறு தோறும் கல்லுக்கு எண்ணெய் வைப்பது அவள்தான். நாற்பது வருஷப் பழக்கம்.

"உள்ள வரலாமாய்யா?"

"எண்ணெ வைக்கக் கூடாது பெரியம்மை. இப்பதான் குளிப்பாட்டிருக்கு."

சிரித்தாள். கல்லை ரொம்ப நேரம் பார்த்தாள். தொடப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

"இவ்வளவு வெள்ளையா இது? எங்க வீட்டுக்காரர் பேரு எங்கன இருக்கு?"

"பேரு யாருக்கும் கெடையாது பெரியம்மை. எண்ணிக்கை மட்டும்தான்."

"அந்த எண்ணிக்கையக் காட்டு. அதுல அவரும் ஒருத்தர்லா."

கடைசி வரியில் விரலை வைத்தேன். விரல் எண்ணை மறைத்துக்கொண்டது. நான் மறைக்கவில்லை, விரலே போய் நின்றது. அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. என் விரலைத்தான் கும்பிட்டாள்.

போகும்போது நின்றாள். "உங்க அப்பா வந்து சொன்ன அன்னைக்கு, எனக்குத் தாலி இறக்குதாவ. பொம்பளைய பூரா சத்தம் போட்டு அழுதாவ, அது வழக்கம்லா. வெளிய ஒரு ஆம்பளக் குரல். தேம்பித் தேம்பி. யாருன்னு பாத்தா உங்க அப்பா. எங்க அண்ணந்தம்பி கூட அப்படி அழல." கிண்ணத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். "அதுக்கப்புறம் எம் மொகத்த அவர் பாத்ததே கெடையாது. எதிர்ல வந்தா சந்து மாறிப் போவாரு. கடைசியா அவர் என்ன சொன்னாருன்னு நான் கேக்கணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். உங்கிட்ட ஏதும் சொல்லிருக்காராய்யா?"

"இல்ல பெரியம்மை."

"இருக்காது. அவரு பேசுத ஆளா."

போய்விட்டாள். எனக்குக் கங்கு கையில் சுட்டது தெரியவில்லை. செண்பகம் பார்த்துத்தான் சொன்னாள்.

அப்பா ஏன் அழுதார் என்று எனக்குத்தான் தெரியும். உயிரோடு இருக்கிறவன் பெண்டாட்டிக்குத் தாலி இறக்கவைத்தது அவர் வாய்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்.

தூறல். டீக்கடையில் அண்ணாச்சி. "என்னலே, துண்டு எங்க?" சொல்லிவிட்டேன், கல் துடைத்துவிட்டேன் என்று. கோபப்படுவார், சந்தோஷமாக இருக்கும் என்று பார்த்தேன்.

"எங்க அப்பாவத் துடைக்கத்தான துடைச்ச. விடு."

இந்த மனுஷனோடு எப்படித்தான் பகை வைப்பது. சண்டைக்கு ஒரு முனைகூடக் கொடுக்க மாட்டேன் என்கிறார். எரிச்சல்.

ஆகஸ்ட் 8, வியாழன்.

நல்ல மழை, ஆள் நடமாட்டம் இல்லை. வீட்டில் சொன்னேன், விரிசலை அடைக்கணும், சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணியும் வேணும். செண்பகம் சுண்ணாம்பை வெண்ணெய் மாதிரி அரைத்துக் கொடுத்தாள். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் கரைத்த புளி. நான் கேட்கவில்லை. அவளும் எதற்கு என்று சொல்லவில்லை.

விரிசலை அடைத்தேன். விரிசல் கடைசி வரியைத் தொட்டுப் போகிறது. பூச்சும் கொஞ்சம் அகலமாகப் போயிற்று. எண் இருந்த பள்ளம் நிரம்பிற்று. தேய்த்துச் சமமாக்கினேன். மேலே புளி. நுரைத்தது. சுற்றி ஒரு உள்ளங்கை அளவு தழும்பு. மூலையில் இருக்கிற தழும்புக்கு ஜோடி.

இருபத்தைந்து வருஷமாகப் பிழையில்லாமல் எழுதினவன். அழிக்கிறதுக்கும் கை நன்றாகத்தான் வருகிறது.

பொறாமை போச்சா என்று பார்த்தேன். போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, கால் மேல் கால் போட்டுக்கொண்டு.

ஆகஸ்ட் 15, வியாழன்.

தூறல் இல்லை, ஆச்சரியம். கொடி ஏறியது. பிள்ளைகளுக்கு மிட்டாய். தட்டியைப் பிரித்தேன். கல்லைப் பார்த்து ஊர் "ஆ" என்றது. ஒரு நிமிஷம் நான்தான் ஊரில் பெரிய ஆள்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இந்தக் கிராமத்திலிருந்து பெரிய யுத்தத்துக்குச் சென்றவர்கள் பத்தொன்பது பேர். அவர்களில் உயிர் நீத்தவர்கள்..." குனிந்தார். இன்னும் குனிந்தார். தடவிப் பார்த்தார். "இங்க எண் இருக்கணுமே. எங்கய்யா எண்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்துக்குத்தான் நான் செருமிப் பழகினது.

"புளி தின்னுட்டு சார்."

சாவடி இடிகிற மாதிரி சிரிப்பு. "கோவேறு மகன்கிட்ட கொடுத்தா இப்படித்தான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹெட்மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "சரித்திரம்யா இது" என்றார். தலை குனிந்தேன். அவர் சொன்னது சரி. "சரி, எத்தனைதான் இருந்தது?"

நான் வாய் திறக்கும் முன்னே ஊரே கத்திற்று. "மூணு சார், மூணு!"

"மூவர்" என்று முடித்தார்.

கூட்டத்தில் பேச்சி. சிநேகிதிகள் நடுவில் முகம் சிவந்து நின்றாள். என்னால்தான். வீட்டுக்கு வரும் வழியில் பத்தடி முன்னால் நடந்தாள். செண்பகம் ராத்திரிச் சோற்றில் எனக்கு மட்டும் அப்பளம் ரெண்டு போட்டாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி. கொடை.

சாரல் திரும்ப வந்துவிட்டது. மேளம் நனைந்து சத்தம் அமுங்கல். கிடா, சுருட்டு, பிஸ்கட், டீ, எல்லாம் படைத்தாயிற்று. இனிமேல் கல்லில் எண்ணெய் வேண்டாம், கீழே விளக்கு மட்டும் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு கை எண்ணெய் தடவியாகிவிட்டது. ரெண்டு வாரம் நான் பட்ட பாடு!

முதல் பரிவட்டம் அண்ணாச்சிக்கு. பார்த்தேன். வழக்கம்போல நெஞ்சுக்குள் சீயக்காய் போட்டுத் தேய்த்த மாதிரி. உயரமான ஆளுக்குப் பரிவட்டம் நல்லாத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

மூன்று வீட்டுக்கும் ஆனபிறகு அண்ணாச்சி கையைத் தட்டினார். "ஏலே புளி, இங்கன வா." (புதுப் பட்டம். ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. கோவேறு மகன் புளி.) ஒரு தேங்காய் மூடியை என் கையில் வைத்தார். "கல்லக் குளிப்பாட்டுனவனுக்கும் ஒண்ணு உண்டு."

நாற்பது வருஷம் ஆசைப்பட்ட மூடி. வாங்கினேன். கொஞ்சம் அழுகல். சிரிப்புதான் வந்தது.

பெரியம்மை விபூதித் தட்டோடு நின்றாள். என் நெற்றியில் அவளே பூசினாள். விரல் முழுக்க எண்ணெய். கல்லில் தடவினது யார் என்று தெரிந்துபோயிற்று. அவள் பூசி முடிக்கும்வரை தலையைக் குனிந்தே நின்றேன். இந்தத் தடவை சந்து மாறவில்லை. முகத்தைப் பார்த்தேன்.

"என்னய்யா, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணும் இல்ல பெரியம்மை. மழ வருது, உள்ள போங்க."

சொல்லாமல் விட்டது: பெரியம்மை, பம்பாயில கூட்டத்துக்குள்ள போகும்போது அவர் அந்தத் தகரப்பெட்டியைக் கீழே இறக்கி வச்சிட்டுத் திரும்பிப் பாத்தாராம். ரெண்டு தடவை.